பெலிக்ஸ் செய்த கடிகாரம்

என் தம்பி பெலிக்ஸ் திண்டுக்கல் மரியநாதபுரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று அவனிடம் வந்தது. விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பெட்டி. டிவியில் மாட்டினால்தான் எழுத்துத் தெரியும். அதை எங்கள் வீட்டில் வைத்து அவன் கடிகாரமாக்கினான்.

நான் எட்டாவதோடு நின்றவள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டிவியில் படம் வினாடிக்கு ஐம்பது தடவை மாறுமாம்; அதைப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். சூட்டில் எண்ணிக்கை கொஞ்சம் பிசகும். ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியோடு ஒத்துப் பார்த்து, வெயிலுக்கு ஒரு திருத்தம், மார்கழிக்கு ஒரு திருத்தம் என்று அவனே யோசித்துப் போட்டான். திண்டுக்கல்லில் இன்னொருவர் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கரண்ட் நின்றால் பெட்டிக்குள் அவன் அடித்துப் போட்டதெல்லாம் அழிந்துவிடும். கேசட்டில் பதியலாம், டேப் ரிக்கார்டர் கெட்டுக் கிடந்தது. அதனால் இன்வர்ட்டரில் மாட்டியிருந்தான்.

கிட்னி கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் காலையில் போன் செய்வான்.

"அக்கா, ரேடியோவுக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கா?"

"இல்லடா. சாப்டியான்னு நான் கேக்கணும்னு இருந்தா, நீ பொட்டிய நலம் விசாரிக்கிற."

"அமத்திராதக்கா. வந்து டேப்ப சரி பண்ணிப் பதிஞ்சிர்றேன். அதுவரைக்கும் ஓடட்டும்."

"ஏலே, நான் இருக்கேன்ல. நீ மொதல்ல வந்து சேரு."

அவன் இறந்த செய்தி வந்ததும் வீட்டுச் சாவியை ராயப்பராஜ் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு மதுரைக்கு ஓடினேன். உடலோடு திரும்பியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே டிவி இருண்டு கிடந்தது. பெட்டியின் வயரையும் பிடுங்கி, ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவன் போட்டதெல்லாம் போய்விட்டது.

"சாவு வீட்டுல டிவி எரியலாமாத்தா? பாக்குறவுக என்ன சொல்லுவாக? நான்தான் அமத்துனேன்" என்றார் சித்தப்பா. அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது.

"சரி சித்தப்பா" என்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின் வயரை மாட்டினேன். திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மின்னி மின்னி மறைந்தது. ஏதோ அடிக்கச் சொல்கிறது என்று புரிந்தது. அவன் பெயரை இங்கிலீஷில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். தப்பு என்று காட்டியது.

எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.