காதர் பாய் குதிரையின் முழங்கால்

இன்று போட் மெயிலைத் தவறவிடப் பார்த்தேன். காரணம் ஒரு குதிரையின் முழங்கால்.

காதர் பாயின் ஜட்காவில் ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர். மளிகைக் கடை வந்ததும் குதிரை நின்று, வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது.

"டாக்டரய்யா குடுத்த மூட்டுப் பொடிக்கு நேரமாயிருச்சு" என்று பாய் இறங்கினார். கடையில் வாங்கிய கருப்பட்டித் துண்டுக்குள் பொடியை வைத்து ஊட்டினார். குதிரை உடனே காலை ஊன்றிக் கிளம்பத் தயாரானது.

டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"குருத்தெலும்பு தேஞ்ச மூட்டுக்கு எந்த மருந்தும் இம்புட்டு வெரசா கேக்காதே, பாய். தேஞ்சது தேஞ்சதுதான், வலிதான் மெல்லக் கொறையும். அதுசரி, நான் மருந்து குடுத்தது இடது காலுக்குல்ல?"

"ஆமாங்கய்யா. நேத்து வரைக்கும் இடதுலதான் நொண்டுச்சு."

மூவரும் கீழே பார்த்தோம். துப்பிய பொடி முழுவதும் மண்ணில் கிடந்தது. கருப்பட்டியைத்தான் காணோம்.

பிறகு அது ஓடிய ஓட்டத்தில் ரயிலுக்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம்.

எனக்கும் முழங்கால் வலிதான். வீட்டில் வெறும் கஷாயம் தருகிறார்கள். எந்தக் காலை நொண்டினால் கருப்பட்டி கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.