அக்காவின் செல்களுக்குப் போட்ட தீனி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சாப்பிட்டியா'. யார் எதிர்ப்பட்டாலும் முதல் கேள்வி அதுதான். அப்படி ஒரு இளகின மனசு. சின்ன வயதில் அம்மா, அக்காவுக்குச் சாப்பாடு கிடையாது என்று அறையில் போட்டுப் பூட்டினால், இவள்தான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஊட்டிவிடுவாள்.

பார்த்த வேலையோ அதற்கு நேர் எதிர். ரத்தப் புற்றுநோய் செல்களைப் பட்டினி போட வேண்டும். பிறகு, அடியில் சல்லடை மாதிரி ஓட்டை உள்ள குட்டிக் கிண்ணத்தில் அவற்றை விட்டு, கீழே அவற்றுக்குத் தீனியான வளர்ச்சிக் காரணி கலந்த திரவத்தை வைப்பாள். பசித்த செல்கள் அதைத் தேடி இறங்கினால், உடம்பிலும் அவை ஊர்சுற்றிப் பரவும் ரகம். மேலேயும் அதே தீனி இருந்தால் ஒன்றும் நகராது. சாப்பாடு இருக்கிற இடத்தை விட்டு யார் கிளம்புவார்கள்?

அக்காவுக்கே அந்த நோய் வந்தது. ஆராய்ச்சிக்கென்று அவள் கொடுத்த ரத்தம், விதியைப் பாருங்கள், தங்கை மேசைக்கே வந்து சேர்ந்தது. டாக்டர் உடனே மருந்து ஏற்றச் சொல்லியிருந்தார். மகள் பரீட்சை முடிந்தபின் ஏற்றிக்கொள்ளலாமே என்று அக்காவுக்கு ஆசை. தன்னுடைய செல் ஓடுகிறதா, சும்மா கிடக்கிறதா என்று தங்கையைக் கேட்டாள்.

பட்டினி போட இவளுக்குக் கை வரவில்லை. நோய்தான், சனியன்தான், தெரியாதா என்ன? ஆனாலும் அக்காவுடையது. மேல் கிண்ணத்திலும் கொஞ்சம் தீனி விட்டாள், பைத்தியக்காரி. மறுநாள் ஒன்றுகூட இறங்கவில்லை. கொஞ்சம்தானே விட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனை எடுத்தாள்.

"அசையவே இல்லைக்கா. அப்படியே கிடக்கு."

அக்கா அதையே பிடித்துக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போட்டாள். இவளுக்கோ உறுத்தல் தாங்கவில்லை. சில வாரம் கழித்து, உறையவைத்திருந்த மீதிச் செல்களை முறைப்படி பட்டினி போட்டுப் பார்த்தாள். மொத்தமும் கீழே கிடந்தது. அடித்துப் பிடித்து ஓடி, நடந்ததை அக்காவிடம் சொல்லி அழுதாள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குள் நோய் வேண்டிய மட்டும் பரவியிருந்தது. போன வாரங்களை யார் திருப்பித் தருவது?

படுக்கையில் கிடந்த அக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்லடி. நீ எப்பதான் என்னைப் பட்டினி போட்டே?" என்றாள் அக்கா.

தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயருகே நீட்டினாள். அக்காவும் தங்கைக்காக வாயைத் திறந்துதான் பார்த்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.