ஒன்பதாம் நம்பர் ஊசியில் ஒரு புறா

வத்தேகமக் கோயிலில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு வானம் செய்து கொடுப்பவள் மேபல். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் தைக்கிற கை, மார்கழி வந்தால் கறுப்புத் துணிக்குக் கஞ்சி போடும். விறைத்த துணியில் துளை போட்டுப் பின்னால் டியூப்லைட்டை எரியவிட்டால் நட்சத்திரம். பெரியதுக்கு ஆணி, நடுத்தரத்துக்குக் கோணி ஊசி. தெற்கு மூலையில் உள்ள புறாவுக்கு மட்டும் மெல்லிய ஒன்பதாம் நம்பர் ஊசி.

கரண்ட் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்த வருஷம், மகள் நிலூஷா போனை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தெற்கே மங்கலான ஒரு நட்சத்திரக் கூட்டத்தை, "அம்மா, அதுதான் நோவாவோட புறா" என்று காட்டினாள். தலைக்குமேல் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு ஃபாதரும் சொன்னதில்லையே என்று மேபலுக்கு ஆற்றாமை. ஒருமுறையாவது ஊர் அதைப் பார்க்கட்டும், உள்ளபடியே மங்கலாகப் பார்க்கட்டும் என்றுதான் துணியில் அதையும் குத்தினாள்.

ஊர் விட்டால்தானே! முதல் வருஷம் கோயில் கூட்டுகிறவர் குடைக்கம்பியால் துளையைப் பெரிதாக்கினார். அடுத்த வருஷம் புருஷனின் தம்பி ரொனி, பேனா முனையால். "அடைச்சிருந்துச்சு அண்ணி, நான்தான் திறந்துவிட்டேன்." நன்றி வேறு எதிர்பார்த்தார். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிய வருஷம், எதைத் தொடக்கூடாது என்று தொட்டுப் பார்க்க வந்தவர்களே அதிகம். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒட்டுத்துணி வைத்து மறுபடி குத்தினாள்.

இந்த வருஷம் குடில் எதிரிலேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னேரப் பூசைக்கு முன் ரொனி பெரிய எல்இடி விளக்கோடு வந்தார்.

"இதைப் பின்னால வச்சா எல்லாம் பளிச்சுன்னு தெரியும், அண்ணி."

"தெரியவேணாம்."

"தெரியாத நட்சத்திரம் எதுக்கு?"

"வானத்தைப் படைச்சவர்கிட்ட கேளுங்க."

"ஃபாதர் சரின்னுட்டாரு."

"ஃபாதருக்கு வெளிச்சம்னா எல்லாமே சரி."

ரொனி கேட்கவில்லை. தன் விளக்கின் பவிசைக் காட்ட, கோயில் லைட் எல்லாவற்றையும் அணைத்தார். துணிக்குப் பின்னாலிருந்த டியூப்லைட் மட்டும் மிஞ்சியது. விளக்கின் வயரைச் சொருகப் போனவர், குனிந்தபடியே நின்றார்.

"அண்ணி, இந்த மூலையில யாரோ ஊசி குத்தி வச்சிருக்காங்க."

மேபலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "நான்தான்! அதுதான் புறா!"

"புறா மாதிரி இல்லையே."

"மேலேயும் அப்படித்தான் இருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்க்கவில்லை, நல்ல வேளையாக வெளியே மழை. ஆனால் வயரைக் கையில் சுருட்டிக்கொண்டார். பூசை முடியும்வரை குடில் பக்கத்து லைட்டை யாரையும் போடவிடவில்லை. முடிந்ததும் சனத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நோவாவோட புறா! தெற்கு வானத்துல இருக்கு. எங்க வீட்டு வேலை. கிட்ட வாங்க. இதோ, இந்தா, இது வால்—"

சுட்டுவிரல் துணியைத் தொடப்போன கணத்தில் மேபல் எழுந்தாள். தைக்கிற பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டிருந்தாள்.

"ரொனி தம்பி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயால காட்டுங்க."