ஒரு நாளைக்கு ஒரு தரம்

மைசூரில் பிளேக் பரவிய வருஷம், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் எலி செத்து விழுந்தது. எலி விழுந்தால் அடுத்து மனிதர்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்குளில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

எனக்கு அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. கணவருக்கு ரயில்வேயில் வேலை. எதைச் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார். ஆகாது என்பதை நானே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழுந்ததும் அக்குளை அமுக்கிப் பார்ப்பேன். ஒன்றுமில்லை. அடுப்பு மூட்டும்போது, சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி அமுக்குவேன். வந்த நிம்மதி சோறு வடிக்கும்வரைகூடத் தங்காது.

ஐந்தாம் நாள் இடது அக்குளில் வலி. தொட்டால் புடைப்பு. சொன்னால் கொட்டகை, சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பால்குடிக் குழந்தை இருந்தது. என் குழந்தையை அவர் வாசலில் விட்டுவிட்டு, எனக்குப் பால் வற்றிவிட்டது, நீங்களே கொடுங்கள் என்று தள்ளி நின்று சொன்னேன். பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருந்தது.

அக்கா கொள்ளேகால் பக்கத்துக்காரர். நனைந்த ரவிக்கையைப் பார்த்தவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"கையத் தூக்குங்க அம்மிணி."

கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அக்குளில் என் விரல் பட்ட இடமெல்லாம் கன்றி நீலம் பாரித்திருந்தது. அமுக்கி அமுக்கியே வீங்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் கையைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் அதே நீலம்.

அன்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் ஒரே ஒரு தரம் அவர் எனக்குப் பார்ப்பார், நான் அவருக்குப் பார்ப்பேன். பிறகு மறுநாள்வரை தொடக்கூடாது. பயம் போய்விடவில்லை. கை தானாக எழும்பும். காலையில் பார்த்தாயிற்றே என்று இறக்கிக்கொள்வேன். குழந்தைக்கு மறுபடி நானே பால் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் போனபோது, அக்காவின் குழந்தை வாசலில் கிடந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"காச்சலுங்க அம்மிணி. இன்னைக்குப் பாக்க வேண்டாம். கொழந்தைக்குப் பால் மட்டும் குடுத்துருங்க."

அக்கா கொட்டகையிலிருந்து திரும்பவில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள். அதன் பிறகு அக்குளைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை ஒழியவில்லை.