அளவு இல்லை

எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். ஆற்றில் நட்ட அளவுகோலைப் பார்த்து அளவாளர்கள் போனில் சொல்வதைக் குறியீடாக மாற்றிக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. பக்கத்து நாற்காலியில் எனக்கும் அதே வேலைதான். ஆனால் நான் செய்தால் வேலை, அவள் செய்தால் தவம்.

குறியீடு வருவதற்கு முன் ஆளாளுக்கு ஒரு பாஷை. ஒருவர் அடியில் சொல்வார், ஒருவர் மீட்டரில் சொல்வார், இன்னொருவர் "போன தடவை மாதிரிதாங்க, கொஞ்சம் கூட" என்பார். அந்த லட்சணத்தில் ஒருமுறை அடியை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, வராத வெள்ளத்துக்கு ஊரையே ஓடவிட்டோம். அந்த ஓட்டத்தில் படியில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்தவர் அவளுடைய அண்ணன். தையல்காரர். அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்துப் படிக்கவைத்தவர். அதன்பிறகு ஊன்றுகோல் இல்லாமல் அவர் நடக்கவில்லை.

ஆகவே எல்லா ஆறுகளுக்கும் ஒரே குறியீடு என்று உத்தரவு வந்தபோது நாங்கள் முணுமுணுத்தோம், அவள் மட்டும் மகிழ்ந்தாள். ஊராரின் போனில் ஒன்று வந்தால் கவனி, இரண்டு வந்தால் மூட்டை கட்டு, மூன்று வந்தால் கிளம்பு. ஆற்றங்கரையில் இருந்த தன் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். "யார் என்ன கத்தினாலும் மூணு வராம வாசப்படி தாண்டாதீங்க." அண்ணன் அதைத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தார். தங்கை சொல் அவருக்கு வேதவாக்கு.

காலையில் அவள் இரண்டு போட்டிருந்தாள். அந்த மதியம் மேலாற்று அளவாளர் கூப்பிட்டார். அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"அளவுகோலே தெரியலம்மா! முழுசா முழுகிடுச்சு."

"தோராயமா ஒரு அளவு சொல்லுங்க ஐயா."

"கோடே கண்ணுக்குத் தெரியல, எதை வச்சுச் சொல்றது?"

எண் இல்லாவிட்டால் ஒரு சிறு கோடு போடவேண்டும்: அளவு இல்லை. ஏன் இல்லை? அளவாளர் தூங்கிவிட்டாரா, கோல் உடைந்துவிட்டதா, ஆறு கோலையே விழுங்கிவிட்டதா? அதைச் சொல்ல எங்கள் குறியீட்டில் எழுத்து கிடையாது. அவள் கோட்டைப் போட்டாள். கோடு வந்தால் பழைய அளவையே வைத்துக்கொள்வது கணினியின் வழக்கம். திரையில் வந்தது: இரண்டு, மாற்றமில்லை.

மாற்றமில்லையாம்!

அவள் அதிகாரியிடம் ஓடினாள். "சார், நீங்களே மூணு போட்டுடுங்க."

அவர் நல்ல மனிதர்தான். மூன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "அளவு இல்லாம மூணு ஏறமாட்டேங்குதும்மா. தலைமையகத்துல கேட்டுட்டேன், லைன்ல இருங்கன்னு சொல்றாங்க."

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இப்பவே கிளம்பு."

"மூணு வந்துடுச்சா?"

"வரல. நான் சொல்றேன்ல, கிளம்பு!"

அவர் சிரித்தார். "புலி வருதுன்னு நீயும் கிளம்பிட்டியா? மூட்டை கட்டி வச்சிருக்கேன். மூணு வந்ததும் முதல் ஆளா இறங்குறேன், போதுமா?"

"அண்ணே, அந்த ரெண்டு பொய்யி."

"நீ போட்டதுதானே பாப்பா, எப்படிப் பொய்யாகும்?"

அவள் அழுதாள், கெஞ்சினாள். "சரி சரி, அழாத. எதிர்வீட்டுல என்ன செய்றாங்கன்னு பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். எதிர்வீடும் மூன்றுக்காகத்தான் காத்திருந்தது.

தலைமையகம் மூன்றுக்குச் சம்மதித்தபோது ஆறு தெருவுக்குள் வந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் ஏறித் தப்பினார்கள். தையல் அறையிலேயே அண்ணனின் உடலைக் கண்டெடுத்தார்கள். தோளில் மூட்டை இருந்தது.

யார்மேலும் தவறில்லை என்றது விசாரணை. அது உண்மைதான், அதுதான் கொடுமை. குறியீட்டில் 'மூ' என்று புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். கோல் மூழ்கிவிட்டது என்று பொருள். அந்த எழுத்து வந்தால் மூன்று தானாகவே போய்விடும். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவள் போகவில்லை.

போன மழையில் மறுபடியும் கோல் மூழ்கியது. 'மூ' என்று அடித்தாள், மூன்று உடனே போனது. பழைய தெருவில் எதிர்வீட்டு அக்காவுக்குக் கூப்பிட்டு, "மூணு போட்டாச்சுக்கா, கிளம்புங்க" என்றாள்.

"நம்பரை மட்டும் எங்கிட்ட சொல்லாதம்மா. உங்கண்ணன் அதை நம்பித்தானே உக்காந்திருந்தாரு?"

அவள் போனை வைத்தாள். அதற்குள் அடுத்த அழைப்பு மணி அடித்தது. எடுத்து, "அளவு சொல்லுங்க ஐயா" என்றாள்.