முதுகில் தட்டினால்

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஜியு ஜிட்சு என்ற மல்யுத்தக் கலையைக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. அபுதாபியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் ராமநாதபுரத்தில் தன் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதமாக நான் செய்ததெல்லாம் கீழே விழுவதும், பிடி தாங்காமல் எதிராளியின் உடம்பில் தட்டுவதும்தான். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு அது வசதியாக இருந்தது. ஆபீசில் யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் முடியாது என்று சொல்ல வாய் வராத ஆள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாம்பனில் மீன்பிடி போட்டில் வேலை பார்க்கும் ஒருவர் புதிதாக வந்தார். பாய் காட்டியபடி என் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இறுக்கினார். அவர் முதுகில் தட்டினேன். இன்னும் இறுக்கினார். பலமாகத் தட்டினேன். பிடியும் பலமானது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பாய் ஓடிவந்து பிரித்துவிட்டார். "ஏலே, தட்டுறாருல்ல! ஏன் விடல?"

அவர் திகைத்துப்போனார். "போட்ல வலை இழுக்கையில முதுகுல தட்டுனா, இன்னும் நல்லா இழுன்னுதானே பாய் அர்த்தம்? அண்ணன் என்னைய உசுப்பேத்துறாருன்னு நெனச்சேன்."

இருமிக்கொண்டே சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. "தட்டுனா விடணும்னு அவருகிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. ஆனா நீங்க, கழுத்துல கை விழுந்தப்பவே முடியலன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். வெட்கம்தான் விடவில்லை.

இப்போதும் தட்டுகிறேன். ஆனால் கூடவே "முடியல" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை முதன்முதலில் சொன்னது அந்த மாடியில் அல்ல. மறுநாள் திங்கட்கிழமை, ஆபீசில்.