சுடாத மணல்

செருப்புக் கழன்றது எனக்குத் தெரியாது. மீன் சந்தையிலிருந்து வீட்டு வாசற் படலை வரைக்கும் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நடந்து வந்திருக்கிறேன். படலைக்குள் வைத்து என் கணவர்தான் கண்டார்.

"என்னப்பா, மற்றச் செருப்பை ஆருக்கு வித்தனி?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். வலக்கால் புழுதி அப்பிக் கிடந்தது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவர் சைக்கிளில் போய்ச் சந்தைக்கு முன்னால் கிடந்த செருப்பை எடுத்து வந்தார்.

உங்களுக்கும் என்னைப் போலச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்து, உங்களுக்கும் ஒருநாள் இப்படிச் செருப்புக் கழன்றால், சிரித்து முடித்த கையோடு கிளினிக்குக்குப் போங்கள். நாங்கள் போகவில்லை.

நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வடமராட்சிக் கரை எங்களுக்கு. அப்பாவும் கடலுக்குப் போனவர், கணவரும் கடலுக்குப் போனவர். எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் முழங்காலுக்கு மேல் கடலுக்குள் இறங்கியதில்லை. வள்ளம் வரும்வரை கரையில் நிற்பதுதான் எங்களுக்கு விதித்தது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. கரையிலிருந்து நீந்திப் போய், நங்கூரம் போட்டு நிற்கும் எங்கள் வள்ளத்தில் நானே ஏற வேண்டும். அவ்வளவுதான்.

"இந்த வயசிலையோ? மீனெல்லாம் சிரிக்கப்போகுது" என்றார் கணவர்.

"சிரிக்கட்டும். அதுகளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே" என்றேன்.

பக்கத்து ஊர் நீச்சல் தடாகத்தில் காலை வேளையில் பெண்களுக்குப் பழக்கினார்கள். பழக்குகிற பிள்ளை என் மகளைவிட இளையவள். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரிப் போனேன். ஓரக் கம்பியைப் பிடித்துக் காலடிக்கப் பழகினேன். பிறகு கம்பியை விட்டு மிதக்கவும் பழகினேன். அந்த நாட்களில் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நேரத்தில் கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. முதற்பிள்ளை. சுகமாகப் பிறக்க வேண்டும் என்று எங்கள் அம்மன் கோயிலுக்குப் பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்தேன். வைகாசித் திருவிழா. தலையில் பால் நிறைந்த செம்போடு, வெறுங்காலில், வெளிவீதி சுற்றி வரவேண்டும்.

உச்சி வெயில். வீதி மணலில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய உடனேயே காய்ந்துவிட்டது. எனக்கு முன்னால் போன பெண்கள் துள்ளித் துள்ளிப் பந்தல் நிழலுக்குள் ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் பாட்டுக்கு நடந்தேன். செம்பில் ஒரு சொட்டுப் பால்கூடத் தளம்பவில்லை.

பக்கத்து வீட்டு மலர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்களுக்குச் சுடேல்லையே?"

"இல்லையடி. சுடவே இல்லை."

"ஐயோ, அம்மாளாச்சி உங்களைத் தாங்கிக்கொண்டு வாறா!"

அருகில் நின்ற பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்குக் கண்ணீர் வழிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தெய்வம் என்னைத் தனியே தெரிந்தெடுத்ததாக நினைத்தேன். இந்தக் கதையில் நான் அழுதது அந்த இடத்தில் மட்டும்தான்.

பின்னேரம் வீட்டு விறாந்தையில் ஈரக் கால்தடங்கள் கிடந்தன.

"காலைக் கழுவிப்போட்டுத் துடையாமலே வந்தனி?" என்று கணவர் கேட்டார்.

நான் கால் கழுவியிருக்கவில்லை. உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளங்கள் எழும்பி உடைந்து, தோல் கழன்று தொங்கியது. நோவு துளியும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார் அவர்.

"அம்மாளாச்சிக்கு நடந்த கால். அவவே மாத்துவா" என்றேன்.

அவரும் அதை நம்பினார் என்று நினைக்கிறேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது, சுகப்பிரசவம். எங்கள் நம்பிக்கை இன்னும் இறுகிப் போனது. அதற்குள் சின்ன விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் காலை கணவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்தார்.

"ஐஸ் போடாத மீனின்ரை மணம் எனக்குத் தெரியாதே? வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் கடலில் கிடந்தவருக்கு அந்த மணம் பிழைக்காது.

வைத்தியர் இளம் பெண். கையில் மெல்லிய நைலோன் நூல் பொருத்திய கோல் ஒன்று வைத்திருந்தார்.

"கண்ணை மூடுங்கோ அம்மா. காலிலை நூல் படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? பட்டிருக்கும் என்று நினைத்து "ஓம்" என்றேன். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் "ஓம்" என்றேன்.

"நான் இன்னும் தொடேல்லை அம்மா" என்றார் வைத்தியர்.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு வந்திருப்பது நியூரோபதி (நீண்டகாலச் சீனி வருத்தத்தால் நரம்புகள் பழுதாகி உணர்வு அற்றுப்போதல்) என்றார். விரல்களில் கங்கிறீன் (இரத்த ஓட்டம் இல்லாமல் தசை அழுகுதல்) பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்.

"ஆனால் எனக்கு நோகேல்லையே பிள்ளை?"

"நோகாததுதான் அம்மா உங்கடை வருத்தம்."

மணல் சுடாததன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது. என்னை ஒருவரும் தாங்கிக்கொண்டு வரவில்லை. நான் வெந்துகொண்டுதான் நடந்திருக்கிறேன்.

இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், கிருமி மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பிறகு நீந்தலாமோ?"

வைத்தியர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "முதல்லை காலைக் காப்பாத்துவம் அம்மா" என்றார்.

விரல்கள் போயின. கால் தப்பியது. வார்ட்டில் கிடந்த காலம் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. இன்சுலின் ஊசி, சேலைன், காயத்துக்கு மருந்து கட்டுதல், திரும்ப ஊசி. மகள் தொலைபேசியில் பேரனைக் காட்டி அழுதாள். பேரன் கொட்டாவி விட்டான். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. கவலையும் வரவில்லை. காலில் தொடங்கிய விறைப்பு நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டதோ என்று மருந்து கட்ட வந்த தாதியிடம் கேட்டேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

மலர் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக் கதைத்தாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. கோபமும் வரவில்லை என்பதுதான் சரி.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் தொடங்குகிற விதமே மாறிப்போனது. முன்பெல்லாம் தேத்தண்ணியோடு விடியும். இப்போது காலோடு விடிகிறது. கணவர் வெளிச்சத்தில் என்னை இருத்தி, பாதத்தை மடியில் வைத்து, வலையில் கிழிசல் தேடுவது போல விரல் இடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பார். அவர் தொடுவதை நான் கண்ணால்தான் அறிகிறேன். நீங்களும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், ஆளில்லையென்றால் நிலத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். குளிக்கிற சுடுதண்ணியை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு காலில் ஊற்றுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வைகாசியில் பாற்செம்பை எனக்காக மலர் எடுத்தாள். நான் செருப்போடு வீதிக்கு வெளியே மரத்தடியில் நின்று கும்பிட்டேன். எட்ட நிற்கிறவர்களையும் அம்மாளாச்சிக்குத் தெரியும். மலர் துள்ளித் துள்ளி ஓடினாள். அவளுக்குச் சுட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி அது. வந்ததே பெரிய விஷயம் என்று வைத்துக்கொண்டேன்.

காயம் முழுதாக மாறிவிட்டது, நீந்தலாம், ஆனால் தண்ணீருக்குள்ளும் வெறுங்கால் கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். மகள் கிளிப்பச்சை நிறத்தில் ரப்பர் சப்பாத்து அனுப்பினாள். தடாகத்துப் பிள்ளை என் காலைப் பார்த்துவிட்டு, "அன்ரி, பயமாயிருக்கோ?" என்று கேட்டாள்.

"வந்தால் சொல்லுறன் பிள்ளை. இன்னும் வரேல்லை" என்றேன்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எங்கள் கரைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்படியொரு காலையில் கணவர் வள்ளத்தைக் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி, அதன் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்தார். நான் பச்சைச் சப்பாத்தோடு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தண்ணீர் குளிர்வது இடுப்பில்தான் தெரிந்தது. அதற்குக் கீழே இருப்பது நான்தான் என்று நம்பிக்கொண்டு நீந்தத் தொடங்கினேன்.

வள்ளத்துக்குக் கிட்டப் போனபோது பயம் வந்தது. நல்ல பயம், நெஞ்சு படபடவென்று அடித்தது. தரையில் நான் ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்துத்தான் வைக்கிறேன். இங்கே குனிந்தால் கலங்கல்தான் தெரிந்தது. காலுக்குக் கீழே நிலம் இருக்கிறதா இல்லையா?

"என்னப்பா, நிண்டிட்டாய்? கால் எட்டுதோ?" என்று அவர் கத்தினார்.

"தெரியேல்லை!" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். வள்ளம் தள்ளுகிற நீளத் தாங்குகோலை எடுத்து எனக்குப் பக்கத்தில் நேராகக் கீழே விட்டார். கோல் முழுவதும் உள்ளே போய், அவர் கை நனைந்தது.

"எட்டாது. உதிலை எனக்கும் எட்டாது" என்றார். "வா."

நான் காலை அடித்தேன்.